கலாவதியின் தண்ணீர்க் கண்டம்

"பிள்ளைக்குத் தண்ணியில கண்டம் இருக்கு" என்று சொல்லிவிட்டு, வெற்றிலையையும் தட்சணையையும் வாங்கிக்கொண்டு, சாதகம் எழுத வந்த சாத்திரியார் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். அவருக்கு அது அரை நாள் வேலை. பிறந்து சில வாரமே ஆகியிருந்த கலாவதிக்கு அது நாற்பது வருட வேலையாகிப் போனது.

உரும்பிராயிலிருந்து எந்தப் பக்கம் சைக்கிளை மிதித்தாலும் கடைசியில் கடல்தான் வரும். அப்படிப்பட்ட யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஒரு பெண்ணைக் கடலே காட்டாமல் வளர்ப்பதற்குத் தனித் திறமை வேண்டும். அவளுடைய பெற்றோருக்கு அது தாராளமாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் கடலோரக் கீரிமலைக்குச் சுற்றுலா என்றால் அன்று கலாவதிக்கு வயிற்றுவலி வரும். வராவிட்டால் அம்மா வரவழைப்பாள். கிணற்றுக் கட்டுக்கு ஐந்தடி தள்ளித்தான் குளிப்பு. கலியாணம் பேசியபோது காரைநகரில் நல்ல உத்தியோகத்தில் இருந்த மாப்பிள்ளை ஒருவர் வந்தார். அவர் வீட்டுக்குப் போவதென்றால் கடலுக்கு நடுவே போட்ட பாலத்தைத் தாண்ட வேண்டும் என்று அந்தச் சம்பந்தம் வேண்டாம் என்றாகிவிட்டது. கடைசியில் கோண்டாவில் பாலேந்திரா வந்தார். சுற்றிவரத் தோட்டம், தண்ணீர் என்றால் வாய்க்கால் தண்ணீர் மட்டும். பொருத்தம் பிரமாதம் என்றார்கள்.

எண்பத்து நான்கில் லண்டனுக்கு வந்தபோது விமானம் கடலுக்கு மேலால்தான் பறந்தது. அவள் ஜன்னல் மறைப்பை இழுத்து மூடிவிட்டு இறங்கும்வரை திறக்கவில்லை.

இதைக் கேட்டுவிட்டு யாராவது கலாவதியைப் பயந்த பெண் என்று நினைத்தால் அவர்கள் அவளை வேலையிடத்தில் பார்க்கவில்லை என்று அர்த்தம். வெம்பிளியில் ஒரு கடைக்கு மேலே குடியிருந்துகொண்டு, பார்க் ரோயல் பக்கம் சான்ட்விச் செய்யும் ஒரு தொழிற்சாலைக்குப் போய்வந்தாள். அங்கே ஈரத் தரையில் வழுக்கி விழுந்த ஒரு குஜராத்திப் பெண்ணுக்கு, அவள் கவனமில்லாமல் நடந்தாள் என்று சொல்லிச் சம்பளத்தை வெட்டப் பார்த்தார் மேற்பார்வையாளர். கலாவதி கையுறையைக் கழற்றி மேசையில் போட்டாள். "தரையை ஈரமாக வைத்தது யார்? அவர் சம்பளத்தை முதலில் வெட்டுங்கள்" என்று உடைந்த ஆங்கிலத்தில் உடையாத குரலில் சொன்னாள். ரொட்டி வரும் இயந்திரப் பட்டி ஓடிக்கொண்டிருந்தது, ரொட்டி குவிந்துகொண்டிருந்தது, பெண்கள் ஒருவரும் கை வைக்கவில்லை. அந்தச் சம்பளம் வெட்டப்படவில்லை.

அப்படிப்பட்டவள்தான் குளியல் தொட்டியை நிரப்பாமல் அதற்குள் ஒரு வாளியை வைத்து அள்ளிக் குளித்தாள்.

விஷயம் அவளோடு நின்றிருந்தால் அப்படியே போயிருக்கும். தொண்ணூற்றொன்றாம் ஆண்டு கோடையில் பள்ளிக்கூடத்திலிருந்து ஆசிரியை தொலைபேசியில் அழைத்தார். அவளுடைய ஒரே மகள் சிவகௌரி, பதினொரு வயது, நீச்சல் வகுப்பில் தண்ணீருக்குள் இறங்க மாட்டேன் என்கிறாளாம். அந்தத் தவணை முழுவதும் விளிம்பில் உட்கார்ந்தபடியே இருந்திருக்கிறாள்.

"ஏன் பிள்ளை இறங்கேல்லை?" என்று கேட்டாள் கலாவதி.

"உங்களுக்குத் தண்ணியில கண்டம்தானே அம்மா? எனக்கும் வரும். மாமாவின்ர சொட்டை அவற்ற அப்பாட்டை இருந்து வந்த மாதிரி."

கலாவதிக்குக் கன்னத்தில் அறைந்தது போல இருந்தது. அவள் மகளுக்கு ஒருநாளும் தண்ணீருக்குப் போகாதே என்று சொன்னதில்லை. சொல்லாமலே பிள்ளை படித்துவிட்டது.

சொட்டைத்தலை மாமாவின் பெயர் குகதாசன். கலாவதிக்கு இரண்டு வயது இளைய தம்பி. வட லண்டன் எட்மண்டனில் குடியிருந்துகொண்டு வாடகைக்கு மினிகாப் ஓட்டினான். லண்டனுக்கு வந்து அவன் பிடித்துக்கொண்ட ஒரே கெட்ட பழக்கம் மீன்பிடி. ஞாயிறென்றால் ஏதாவது ஒரு குளக்கரையில் குடையின் கீழ் இருப்பான். அவன் மனைவி பியற்றிஸ் மன்னார் பேசாலைக்காரி. "எங்கட ஊரில மீன் பிடிச்சா வீட்டுக்குக் கொண்டு வருவினம். இந்த மனுசன் பிடிச்சுப்போட்டுத் திருப்பி விட்டிட்டு வருது. என்ன வியாதியோ" என்பாள்.

அந்த வருடம் அவனுக்குச் சமன் என்கிற சால்மன் மீன் பைத்தியம் பிடித்தது. ஊரில் சமன் என்றால் தகரப் பேணிக்குள் பிறந்து தகரப் பேணிக்குள்ளேயே வாழும் மீன். அது ஆற்றில் பிறந்து, கடலுக்குப் போய் வளர்ந்து, திரும்ப அதே ஆற்றைத் தேடி வருகிறது என்று லண்டனில் அறிந்தபோது குகதாசன் உருகிப்போனான். சமன் பிடிக்க அனுமதி வேண்டும் என்று கேள்விப்பட்டு லைசென்ஸ் எடுத்து, பிளாஸ்டிக் உறை போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தான். பிறகு தெற்குக் கரையில் மடிஃபோர்ட் என்ற சிறு துறையில் ஒரு படகையும் பேசிவிட்டான்.

"அக்கா, எல்லாரும் போறம். ஓடுற வள்ளத்துக்குப் பின்னால தூண்டிலை இழுத்துக்கொண்டு போறது. காத்து வாங்கின மாதிரியும் இருக்கும், மீன் பிடிச்ச மாதிரியும் இருக்கும்."

"பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போ. நான் கரையில நிக்கிறன்."

சிவகௌரி அடுத்த அறையிலிருந்து சத்தம் போட்டாள். "அம்மா ஏறினாத்தான் நான் ஏறுவன்!"

அந்தச் சனிக்கிழமைக் காலையில் குகதாசனின் வான் வண்டியில் ஐந்து பேரும் ஒரு அண்டாப் புளிச்சாதமும், மீன் கட்லெற்றும், இரண்டு ஃபிளாஸ்க் தேத்தண்ணியும் புறப்பட்டார்கள். பெற்றோல் நிலையத்தில் இரவு ஷிப்ட் முடித்து வந்த பாலேந்திரா ஏறிய கையோடு தூங்கிப்போனார். பியற்றிஸ் அந்தோனியாரிடம் ஒரு சமன் கேட்டு மன்றாடினாள். "மாமி, அந்தோனியார் தொலைஞ்ச சாமான் எடுத்துக் குடுக்கிறவர் எல்லே? சமன் எப்ப தொலைஞ்சது?" என்று சிவகௌரி கேட்க, வான் குலுங்கச் சிரித்தார்கள். கலாவதியும் சிரித்தாள். ஆனால் வழிநெடுக அவள் கை சேலைத் தலைப்பைச் சுருட்டுவதும் விரிப்பதுமாக இருந்தது. தான் ஏறாவிட்டால் மகள் ஏறமாட்டாள். இன்று ஏறாத மகள் நாளைக்கும் ஏறமாட்டாள். அது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. தெரிந்து என்ன, துறையில் இறங்கி உப்புக் காற்று முகத்தில் அடித்ததும் வானின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

படகுக்காரர் பெயர் கென். மூக்கு வெயிலில் உரிந்துபோன, பெரிய உடம்புக்காரர். ஆளாளுக்கு லைஃப் ஜாக்கெற்றை எடுத்து நீட்டினார். கலாவதி வாங்காமல் கற்படிக்கு மேலே ஒரு மரக் குற்றியில் உட்கார்ந்துகொண்டாள்.

"நீங்கள் போயிட்டு வாங்கோ. நான் சாப்பாட்டைப் பாத்துக்கொண்டு இருக்கிறன்."

"சாப்பாடு எங்க அக்கா ஓடப்போகுது?"

"இந்தக் கடற்பறவையள் தூக்கிக்கொண்டு போயிடும். அதோட இண்டைக்குச் சனி. ஒன்பதில இருந்து பத்தரை மட்டும் ராகுகாலம்."

"எந்த நாட்டு நேரம்?" என்றான் குகதாசன். "ஊரில இப்ப மத்தியானம் திரும்பியிட்டுது. ராகு வேலை முடிச்சுச் சாப்பிட்டுப் படுத்திருப்பார்."

"அவன் சொல்லுறது சரிதான் கலா" என்றார் பாலேந்திரா, கண்ணைக் கசக்கிக்கொண்டு. "எங்கட வீட்டில கிடக்கிறது கொழும்பில அடிச்ச கலண்டர்."

கென்னுக்கு ஒன்றும் விளங்காவிட்டாலும் பயம் விளங்கியது. "இந்தப் படகில் நான் இதுவரை ஒருவரையும் தொலைத்ததில்லை. ஒரேயொரு நாய்தான் விழுந்தது. அதுவும் எனக்கு முதல் நீந்தி வீட்டுக்குப் போய்விட்டது" என்றார்.

சிவகௌரி தன் லைஃப் ஜாக்கெற்றைக் கழற்றி அம்மாவுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

குகதாசனுக்குப் பொறுக்கவில்லை. "இஞ்ச பார் அக்கா, கண்டம் கண்டம் எண்டு சாகிறாய். எனக்கும்தானே தண்ணியில கண்டம்? நான் என்ன செத்தே போனன்?"

கலாவதி தலையை நிமிர்த்தினாள். "உனக்கோ?"

"ஓம். அதே சாத்திரி. அதே கதை. உனக்குத் தெரியாதே? அப்பா வெள்ளியில ஒரு குட்டி வள்ளம் அடிப்பிச்சுக் கோயிலுக்குக் குடுத்து அப்பவே கழிச்சுப்போட்டார். நான் பிளேன் ஏற முதல்நாள் சொன்னவர், 'பயப்பிடாதை, உன்ர கண்டம் எப்பவோ கழிஞ்சுது' எண்டு."

"எனக்கு ஏன் கழிக்கேல்லை?"

கேள்வி வந்த பிறகுதான் தான் எங்கே கால் வைத்துவிட்டோம் என்று குகதாசனுக்குத் தெரிந்தது. அவன் லைஃப் ஜாக்கெற்றின் வாரை இழுத்து இறுக்கத் தொடங்கினான்.

"சொல்லு."

"நான் கேட்டனான் அக்கா. 'அவள் பொம்பிளைப் பிள்ளைதானே, வீட்டுக்கை இருக்கிறவள், கடலுக்குப் போய் என்ன செய்யப் போறாள், அதுக்கேன் வெள்ளி' எண்டு சொன்னவர்."

பியற்றிஸ் "மாதாவே" என்று வாயைப் பொத்தினாள்.

கலாவதிக்குக் கீரிமலையிலிருந்து ஈரத் தலையோடு வந்து நின்ற தம்பி நினைவுக்கு வந்தான். அவனுடைய காற்சட்டையிலிருந்து உப்பை அலசிக் காயப்போட்டது அவள்தான். அவனுக்குக் கண்டம் இல்லை, உனக்கு இருக்கிறது என்றார்கள். அவளும் தன் தலைவிதியை நொந்துகொண்டு அலசினாள். சாத்திரம் பொய் என்று அவளுக்கு எப்போதோ உள்ளூரத் தெரியும். பேனையும் பஞ்சாங்கமும் வைத்திருந்த ஒருவர் கடலைப் பற்றி என்ன கண்டார்? சுட்டது அது இல்லை. நம்பியவர்களே அந்தப் பொய்க்கு ஒரு கதவும் வைத்திருந்திருக்கிறார்கள். ஆண்பிள்ளைக்கு அதைத் திறந்துவிட்டார்கள். பெண்பிள்ளை உள்ளேயே இருந்தால் ஒருவருக்கும் நட்டமில்லை என்று பூட்டிவிட்டுத் திறப்பையும் எறிந்துவிட்டார்கள்.

அவள் எழுந்து நின்றாள். சேலையைத் தூக்கி இடுப்பில் செருகினாள்.

"அந்த ஜாக்கெற்றைத் தா."

"கோவத்தில ஏறாதை அக்கா. ஆறுதலா..."

"நீ வாயைப் பொத்து."

பார்க் ரோயலில் கையுறையைக் கழற்றிப் போட்ட அன்று இருந்த அதே முகம். கென் நீட்டிய கையைப் பிடித்துக்கொண்டு அவள் படகில் கால் வைத்தாள். படகு ஒரு பக்கம் சரிந்தது. அவள் நெஞ்சும் கூடவே சரிந்தது. ஆனால் அடுத்த காலையும் தூக்கி வைத்தாள். பின்னால் யாரோ தொப்பென்று குதிக்கும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்க அவசியம் இருக்கவில்லை. அம்மாவின் சேலையைப் பின்னாலிருந்து இரண்டு சிறு கைகள் பிடித்திருந்தன.

துறைவாயைத் தாண்டும்வரை கலாவதி கண்ணைத் திறக்கவில்லை. பிறகு, மூடியபடியே இருந்தால் சாத்திரியார் வென்றுவிடுவார் என்று தோன்றியது; திறந்தாள். எத்தனை பெரிய வெளிச்சம்! தண்ணீர் நீலமாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். அது பச்சையாகவும் சாம்பலாகவும், இடையிடையே வெள்ளித்தூள் கொட்டியது போலவும் இருந்தது. அது அவளைக் கவனிக்கவே இல்லை. தன்னைப் பிடிப்பதற்காகவே நாற்பது வருடம் காத்திருக்கிறது என்று அவளுக்குச் சொல்லி வைத்த கடல் தன்பாட்டில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

கண்டம் பிடித்தது பாலேந்திராவைத்தான். எந்தச் சாத்திரியும் ஒரு குறையும் சொல்லாத சாதகத்துக்குச் சொந்தக்காரர், படகின் விளிம்பில் தொங்கியபடி காலையில் தின்ற பாணையும் சம்பலையும் கடலுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"அத்தான், மீனுக்கு இரை போட்டது காணும்" என்றான் குகதாசன்.

கென் படகை மெல்ல ஓட்டினார். ஆளுக்கொரு தூண்டில் தடியைக் கையில் கொடுத்தார். ஒவ்வொரு தடியிலிருந்தும் தங்கூசி நூல் பின்னால் நீண்டு நீருக்குள் மறைந்தது. நூல் முனையில் புழுவோ இறாலோ இல்லை. கரண்டி போல வளைந்த ஒரு தகடு மட்டும். அது இழுபடும்போது சுழன்று மினுங்கும், சின்ன மீன் ஓடுகிறதென்று பெரிய மீன் நம்பிக் கவ்வும் என்று குகதாசன் விளக்கினான்.

"சாத்திரியும் உதைத்தானே செய்தவன்" என்றாள் கலாவதி. "உள்ளுக்கு ஒண்டும் இல்லை, மினுக்கம் மட்டும்."

முதலில் மக்கரெல் மீன் விழுந்தது. சிவகௌரியின் தடி துடிக்க, அவள் கத்திய கத்தலில் பறவைகள் கலைந்தன. முதுகில் பச்சைக் கோடு போட்ட மீன் படகுக்குள் வந்து டப்டப்பென்று அடித்தது. பியற்றிஸ் தடியை மடியில் போட்டுவிட்டு நூலை வெறும் கையாலேயே இழுத்தாள். "உந்தத் தடி வச்சுச் சுத்துறதுக்குள்ள மீனுக்கு வயசு போயிடும்" என்றாள். வாளி நிறைந்துகொண்டு வந்தது. குகதாசனுக்கு மட்டும் ஒன்றும் விழவில்லை. "நான் சமனுக்குப் பொறுத்திருக்கிறன்" என்றான்.

அப்போதுதான் கலாவதியின் தடி வளைந்தது.

துடிப்பு இல்லை. யாரோ நீருக்குள் நின்று தடியைத் தா என்று கேட்பது போல ஒரு நீண்ட இழுப்பு. ரீல் கிர்ரென்று அலறியது. கென் இயந்திரத்தைத் தணித்துவிட்டு ஓடிவந்தார். "பிடித்திருங்கள், இழுக்க வேண்டாம், அது ஓடட்டும்" என்றார். படகுக்குப் பின்னால், கொஞ்சத் தூரத்தில், கடல் உடைந்தது. வெள்ளியால் வார்த்த ஒரு மீன் முழு உடம்பையும் வெளியே தூக்கி, ஒரு கணம் காற்றில் நின்று, விழுந்தது.

"சமன்!" என்று குகதாசன் அலறினான். "அக்கா, சமன்! விட்டிடாதை! ஐயோ, என்ர சமன்!"

அது ஓடும்போது கலாவதி விட்டுக்கொடுத்தாள், நிற்கும்போது சுற்றினாள். தோள் எரிந்தது. சேலை நனைந்து காலில் ஒட்டியது. மகள் பின்னாலிருந்து இடுப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு "கமோன் அம்மா, கமோன்!" என்று கத்தினாள். விளிம்பில் தொங்கிய பாலேந்திராகூட நிமிர்ந்து "கலா, விடாதை!" என்றார். எவ்வளவு நேரம் ஆனதோ, மீன் களைத்துப் படகின் பக்கமாகச் சரிந்து வந்தது. ஒரு கைக்குழந்தை அளவு இருந்தது.

கென் நீண்ட பிடி போட்ட வலையை நீருக்குள் இறக்கி மீனை ஏந்தினார். உடனே தூக்கவில்லை. தலையைச் சொறிந்தார். "ஒரு சங்கடம். சமனைப் பிடித்து வைத்துக்கொள்ள, தடியைப் பிடித்தவரிடம் லைசென்ஸ் இருக்க வேண்டும். உங்களிடம் இருக்கிறதா?"

"என்னட்டை இருக்கு!" குகதாசன் சட்டைப்பையிலிருந்து பிளாஸ்டிக் உறையை உருவிவிட்டான். "அக்கா, தடியை இஞ்சால தா. நான் பிடிச்சதாய் இருக்கட்டும்."

கென் நல்ல மனிதர். "நான் இயந்திரத்தைப் பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் இங்கே யார் கையில் தடி இருந்ததென்று எனக்குத் தெரியாது" என்று சொல்லி முதுகைத் திருப்பிக்கொண்டார்.

"குடு அக்கா! ஆற்ற பேரில இருந்தா என்ன? எல்லாரும்தானே தின்னப்போறம்?"

"குடு மச்சாள்" என்றாள் பியற்றிஸும். "அந்தோனியார் தந்தது."

கலாவதி தடியைக் கொடுக்கவில்லை. வலைக்குள் கிடந்த மீனைப் பார்த்தாள். அதன் செவுள் திறந்து மூடியது.

"ஏன் குடுக்கோணும்?" என்றாள், கத்தாமல். "பிடிச்சது நான். உன்னட்டைத் தந்தாத்தான் அது பிடிச்ச மீன், என்ர கையில இருந்தாப் பிடிக்காத மீனோ? லைசென்ஸ் நானும் எடுப்பன். போஸ்ற் ஒபிசில ஆருக்கும் குடுப்பாங்கள்தானே? அதுமட்டும் இது போகட்டும்."

"விசரோ உனக்கு! நான் ஒரு வருசமாய்..."

"நீ பிடிச்சா நீ வச்சிரு. இது என்ர. மிஸ்டர் கென், இதை எப்படி விடுவது?"

கென் திரும்பி அவளைப் பார்த்தார். பிறகு மண்டியிட்டு, வலைக்குள்ளேயே கொக்கியைக் கழற்றினார். "அப்படியே எறிந்தால் செத்துப்போகும். வாலடியை ஒரு கையாலும் வயிற்றை மறு கையாலும் பிடித்து, தண்ணீருக்குள் நேராக வைத்திருக்க வேண்டும். மூச்சு வந்ததும் அதுவே சொல்லும்."

கலாவதி மண்டியிட்டாள். வளையலை முழங்கைக்கு ஏற்றினாள். இரண்டு கைகளையும் கடலுக்குள் விட்டாள். குளிர் தோள்வரை பாய்ந்தது, "ஊ!" என்று கூவிவிட்டாள். மீன் அவள் கைகளுக்குள் கனமாக, அமைதியாகக் கிடந்தது. அலை வந்து அவள் மார்பை நனைத்துவிட்டுப் போனது. அவள் கையை எடுக்கவில்லை. சிவகௌரியும் பக்கத்தில் குப்புறப் படுத்து ஒரு விரலால் மீனின் முதுகைத் தொட்டாள்.

"அம்மா, இது மூச்சு விடுது."

வால் ஒருமுறை அசைந்தது. பிறகு பலமாக உதறியது. கலாவதி கைகளை விரித்தாள். ஒரு வெள்ளிக் கோடு. பிறகு வெறும் பச்சைத் தண்ணீர்.

குகதாசன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். "எத்தனை பொரியல் போகுது" என்றான். பியற்றிஸ் மூக்கைச் சீறிக்கொண்டு சிரித்தாள். அதைப் பார்த்துப் பாலேந்திரா சிரித்தார். சிரித்த கையோடு திரும்ப விளிம்புக்கு ஓடினார். முகம், தலை, சேலை எல்லாம் உப்புத் தண்ணீர் வடிய, கலாவதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

திரும்பும்போது வற்று. துறைவாயில் நீர் இறங்கிப்போய்ப் படகு கற்படியை அணைய முடியவில்லை. கென் ஒரு மணல்திட்டுக்கு அருகில் கொண்டுபோய் நிறுத்தினார். "கொஞ்சத் தூரம் தண்ணீரில் நடக்க வேண்டும். பெண்களை நான் ஒவ்வொருவராகத் தூக்கிக்கொண்டு போய் விடுகிறேன்" என்றார்.

"என்னைத் தூக்கினா உங்கட நாரி முறியும்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டுக் கலாவதி செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தாள். விளிம்பில் உட்கார்ந்து, கால்களைத் தொங்கவிட்டு, ஒரு மூச்செடுத்து, இறங்கினாள். மணல் பாதத்துக்குக் கீழே நழுவியது. பிறகு நின்றது. சேலை நீரில் குடையாக விரிந்து மிதந்தது.

சிவகௌரி விளிம்பில் நின்று குனிந்து பார்த்தாள். "ஆழமோ அம்மா?"

கலாவதி இரண்டு கைகளையும் மேலே நீட்டினாள்.

"எனக்குத் தொடை மட்டும். உனக்கு இடுப்புக்கு வரும். குதி."